மாடி அறைக்கு எட்டாத சிக்னல்

எங்கள் வீடு மலைச்சரிவில் மூன்று தளமாக ஏறுகிறது. கீழே நான், நடுவில் மகனும் மருமகளும், மொட்டை மாடியில் ஒற்றை அறை. அந்த அறையில்தான் மருமகள் வேலை பார்த்தாள். ஆந்திர எல்லையில், பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். தமிழும் தெலுங்கும் ஒரே வேகத்தில் பேசுவாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வரும் தெலுங்குக்காரர்களின் அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுத்துப் பேசுவது அவள் வேலை. இரண்டு வருடம் ரயிலில் போய்வந்து முதுகு கெட்டபின் அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய ஏற்பாடு அது.

வைஃபை தரும் நெட் பெட்டி நடுத்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய சுவரில் இருந்தது. அதன் சிக்னல் மாடி அறை வரை எட்டிக்கொண்டுதான் இருந்தது. குரங்குத் தொல்லை தாங்காமல், படிக்கட்டு மொட்டை மாடியில் போய் முடியும் இடத்தை இரும்புச் சட்டம் வைத்து, சின்னக் கண்ணுள்ள கம்பி வலையால் சுற்றி அடைத்தேன். போய்வர ஒரு வலைக்கதவு.

அடுத்த வாரமே அவள் இறங்கி வந்தாள்.

"மாமா, இந்த வலை போட்டதுல இருந்துதான் லைன் அறுந்து அறுந்து போகுது."

"வலை முழுக்க ஓட்டைதானம்மா? எறும்பு பூருது, சிக்னல் பூராதா?" என்றேன். மகன் சிரித்தான். அவள் மேலே போய்விட்டாள்.

நான் முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். அவள் சொன்னதை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. அதைவிட மோசமானதும் ஒன்று செய்தேன். மகன் தனியாக இருந்தபோது, "அவளுக்கு இங்க இருக்கப் புடிக்கலடா. மெட்ராஸ்ல வீடு பாக்கணும்னு பாக்கறா. நெட்டுன்றதெல்லாம் சாக்கு" என்று சொன்னேன். அப்படி நினைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. அவர்கள் போய்விட்டால் நான் தனியாகிவிடுவேன் என்ற பயம் மட்டும் இருந்தது.

அவன் அதை நம்பினான். அவர்களுக்குள் பேச்சு குறைந்தது. அழைப்புகள் அறுவது தொடரவே, கம்பெனி அவளை அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டது. மறுபடியும் விடிகாலை ரயில். மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறுவாள்.

பகலில் வீடு காலியானது. பொழுது போகாமல், சிக்னலை அளந்து காட்டும் செயலி ஒன்றை போனில் ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்ற ஆரம்பித்தேன். அது எல்லாவற்றையும் மைனஸில் காட்டும். எண் பெரிதானால் சிக்னல் மெலிகிறது. பெட்டிக்கு அருகில் மைனஸ் நாற்பது. சமையலறையில், குளிர்பெட்டிக்குப் பின்னால் நின்றால் சட்டென்று எழுபது. பீரோவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறு. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று வீட்டுக்குள் நிழல் வீழ்த்திக்கொண்டிருந்தது போல இருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வரைபடத்தாளில் மூன்று தளத்தையும் வரைந்து எண்களை நிரப்பினேன்.

படியில் ஏறினேன். கடைசிப் படியில் ஐம்பத்தெட்டு. காலால் வலைக்கதவைத் தள்ளிப் பிடித்தபடி மாடியில் நின்றேன், அறுபத்தைந்து. காலை எடுத்தேன். கதவு சாத்திக்கொண்டது. எண்பது.

தற்செயலாக இருக்கலாம் என்று திறந்தேன், மூடினேன். இருபது முறையாவது செய்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அதே கதைதான்.

வகுப்பில் டிரான்சிஸ்டரைப் பாடவிட்டு, ஜன்னல் கம்பி வலையைச் சுருட்டி அதன்மேல் மூடுவேன். பாட்டு நின்றுவிடும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அலையின் நீளத்தைவிட ஓட்டை மிகச் சிறிதாக இருந்தால் வலையும் சுவரும் ஒன்றுதான் என்று எழுதிப்போடுவேன். மாடியிலேயே, சுடுகிற தரையில், உட்கார்ந்துவிட்டேன்.

அரக்கோணத்திலிருந்து கேபிள் போடும் பாய் ஒருவரை வரவழைத்தேன். ஏறிப் பார்த்தவர், "குரங்குக்குப் போட்ட வலையில சிக்னல் மாட்டிகினு இருக்குது சார்" என்றார்.

"வலையைப் பிரிச்சுடலாமா?"

"ஐய, வேணாம் சார். அப்புறம் குரங்கு வந்து லேப்டாப் முன்னால குந்திகினு போன் எடுக்கும்." பெட்டியிலிருந்து ஒரு ஒயரைச் சுவருக்குள்ளேயே மேலே கொண்டுபோய், மாடி அறையில் இன்னொரு பெட்டியை மாட்டினார். கதவு மூடியிருந்தும் அறையில் நாற்பத்திரண்டு.

வேலை முடிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, புதுப் பெட்டி வாங்கித் தந்த நல்ல மாமனாராக இருந்திருக்கலாம். அந்த ஆசையும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிடும்போது இருவர் முன்பும் சொன்னேன். முதலில் வலையைப் பற்றி. மகன், "வாத்தியாரே ஃபெயிலா நைனா!" என்று சிரித்தான். பிறகு மற்றதையும் சொன்னேன். "மெட்ராஸ் போகணும்னு அவ சொல்லவே இல்லடா. நானா கட்டிச் சொன்னது."

அவன் சிரிப்பு நின்றது. மனைவியைப் பார்க்காமல் தட்டையே பார்த்தான்.

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "அதான் இவரு அப்படி இருந்தாரா?" என்றாள் மெல்ல. பிறகு என்னிடம், "நாளைக்கு ஆபீஸ்ல கேட்டுப் பாக்கறேன். திரும்ப வீட்ல இருந்து செய்ய விடுவாங்களான்னு தெரியல" என்றாள்.

"விடலன்னா நானே வந்து உங்க மேனேஜர்கிட்ட சொல்றேன்மா."

"அதெல்லாம் வேணாம். இனிமே என்னைப் பத்தி எதுனா தோணுச்சுன்னா இவர்கிட்ட சொல்லாதீங்க மாமா. என்கிட்ட கேளுங்க."

"ஆங், கேக்கறேம்மா" என்றேன்.