பிளக்கைக் கொடுத்தவன்

பலகைப் பாலத்தில் நின்று ஹெபெர்த்தோ இரண்டு வலைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பெரிய கண் வலையை எடுத்தான், வைத்தான். சின்னக் கண் வலையை எடுத்தான், அதையும் வைத்தான். படகில் காத்திருந்த மச்சான், மனைவியின் அண்ணன் நேரியோ, "ஏதாவது ஒண்ண எடு மாப்ள, மீனுக்கு வயசாகிடப் போவுது" என்றான். படகில் யாரும் சிரிக்கவில்லை.

ஹெபெர்த்தோவுக்கு நாற்பத்திரண்டு வயது. மரக்காய்போ ஏரியில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீன் எந்தப் பக்கம் என்று சொன்னவன். பத்துப் படகுகள் அவன் பின்னால் போகும். அவன் அப்பாவுக்கும் அக்காவுக்கும் வந்ததுதான் இப்போது அவனுக்கும். அந்தக் கரையில் "நோய்" என்றாலே அது ஒன்றுதான். கைகால் துள்ள ஆரம்பித்த பிறகுதான் ஊர் கவனிக்கும். அதற்கு வெகு முன்பே முடிவெடுக்கும் புத்தி கலங்கிவிடும் என்பது அவன் மனைவி யொலெய்தாவுக்குத் தெரியும். நாத்தனாரைக் கடைசிவரை குளிப்பாட்டியவள் அவள். தன் மூன்று பிள்ளைகளில் ஒன்று எதையாவது எடுக்கத் தயங்கினால்கூட, அப்பனிடமிருந்து இதற்கும் இறங்கிவிட்டதோ என்று உற்றுப் பார்ப்பாள்.

சில நாள் தயக்கம். சில நாள் நேர்மாறு. ஒரு செவ்வாய்க்கிழமை, வானம் கறுத்து மின்னல் வெட்டிக்கொண்டிருக்க, "ஒண்ணும் ஆவாது, ஏறுங்கடா!" என்று படகை விரட்டினான். படகு கவிழ்ந்தது. மூழ்கப்போன நேரியோவைத் தலைமுடியைப் பிடித்துத்தான் தூக்கிக் காப்பாற்றினார்கள்.

மறுநாள் காலை ஹெபெர்த்தோ தெளிவாக இருந்தான். படகு மோட்டாரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, அடுப்படியில் நின்ற யொலெய்தாவின் கையில் வைத்தான்.

"நீயே வச்சுக்க. இது இல்லாம மோட்டார் கெளம்பாது. நாளைக்கே திருப்பிக் கேப்பேன். கண்டபடி திட்டுவேன். குடுத்துடாத."

"அழுதா?"

"அழுதாலும்."

ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. "திருடி! எம் படகு, எம் மோட்டாரு! ஒங்கண்ணனோட சேந்துக்கிட்டு என்னைய மொடக்கிப் போடுறியா?" மாவுச் சட்டியை உதைத்தான். பிறகு சிந்திய மாவிலேயே உட்கார்ந்து அழுதான். "ஒரே ஒரு தடவ, யொலே. கரையோரமாப் போய்ட்டு வந்துர்றேன்."

யொலெய்தா அவன் அருகில் உட்கார்ந்தாள். கல்லிலிருந்து எடுத்த சோள ரொட்டியைப் பிய்த்து, ஊதி, அவன் வாயில் வைத்தாள், ஒற்றைக் கையாலேயே. மற்றக் கை உடுப்புப் பைக்குள் பிளக்கை இறுக்கிப் பிடித்திருந்தது.