ஃபிளோராவின் நோட்டீஸ்

ஃபிளோரா செய்த ஒரே தப்பு, நோட்டீஸில் சொந்த செல் நம்பரைப் போட்டது. 'ஃபிளோரா மசாஜ். பெண்களுக்கு மட்டும். இடுப்பு வலி, மூட்டு வலி' என்று பெரிய எழுத்தில்தான் அச்சடித்திருந்தாள். எங்கள் திருத்துறைப்பூண்டி ஆம்பளைகளுக்கு அதில் மசாஜும் நம்பரும் மட்டுமே கண்ணில் பட்டன.

பக்கத்து ரூமில் தையல் மெஷின் போட்டிருப்பவள் நான். அந்த அழைப்புகளை என் காதால் கேட்டிருக்கிறேன். "ரேட் என்ன?" என்பதுதான் அவற்றில் மரியாதையான கேள்வி. மற்றவற்றை எழுதக் கை கூசுகிறது. சிலர் குரல் தெரியாமலிருக்கக் குசுகுசுவென்று பேசுவார்கள். ஃபிளோரா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினொரு வருஷம் பக்கவாதக்காரர்களின் கைகால்களைப் பிடித்துவிட்டவள். அழவில்லை. மறுபடி அடித்தால் எடுக்காமலிருக்க, ஒவ்வொரு நம்பரையும் நாய் 1, நாய் 2 என்று போனில் பதிந்துவைத்தாள். ஆகஸ்டுக்குள் இருபத்துமூன்று நாய்கள் சேர்ந்துவிட்டன. வைத்தியத்துக்கு வந்த பெண்கள் நாலே பேர்.

ரூமை வாடகைக்கு விட்டிருந்த குழந்தைராஜ் சர்ச்சில் பெரிய ஆள். ஒரு நாள் படியேறாமல் வாசலிலேயே நின்று சொன்னார்.

"கண்டவனும் உங்களுக்குப் போன் பண்றானாமே. குடும்பம் இருக்கிற தெருங்க இது. அடுத்த மாசம் ரூமக் காலி பண்ணிடுங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. போன் செய்தவனை விட்டுவிட்டு எடுத்தவளைத் துரத்துகிற ஊர்! வேறு ரூம் யார் கொடுப்பார்கள்?

மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் காவி உடுத்தி எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள்.

"பத்துப் பொம்பளைங்க காலு சரியானா போதும், பேரு தானா நல்லாயிடும்" என்றாள் ஃபிளோரா. நடப்பவர்களுக்காகப் போட்ட மோர்ப் பந்தலில் ஒரு மூலை கேட்டாள். பந்தலை நடத்தியவரும் குழந்தைராஜ்தான். முடியாது என்றார். ஊர் எல்லையில் புளியமரத்தடியில் பழைய சேலையை மறைப்பாகக் கட்டி, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தோம்.

இரண்டாம் நாள் குழந்தைராஜின் மனைவி சகாயம்மாள் வந்தார். பிறந்த ஊரான பேராவூரணியிலிருந்து வருஷா வருஷம் நடப்பவர். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஃபிளோராவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"உன் கையாலயா?" என்றார். வலி அதற்குமேல் பேசவிடவில்லை. காலை அவரே நீட்டினார்.

கால் மணி நேரத்தில் தசை இளகிவிட்டது.

"அவர வண்டி எடுத்துட்டு வரச் சொல்லணும். என் போன்ல சார்ஜ் இல்ல, உன்னதக் குடு."

"அவர் நம்பர் இருக்குக்கா, போட்டுத் தரேன்."

"அத எடுக்க மாட்டாரு. வீட்டுக்குன்னு வேற நம்பர் வச்சிருக்காரு." சகாயம்மாளே நம்பரை அழுத்தினார்.

திரையில் வந்தது: நாய் 14.

"இது என்ன பேரு?" என்று அவர் கேட்பதற்குள் எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள். குசுகுசுவென்ற குரல் எனக்கே கேட்டது.

"கடைசியில நீயே கூப்பிட்டுட்டியா தங்கம்?"

சகாயம்மாள் திரையிலிருந்த பெயரை மறுபடி படித்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

"சகாயம் பேசுறேன்," என்றார். "நீங்க வர வேணாம். நான் நடந்தே போயிக்கிறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்ற காலையும் நீட்டினார்.

"இதையும் பாத்து விடும்மா. ரூமக் காலி பண்ணாத. அந்தக் கட்டடம் எங்கப்பா எனக்கு வாங்கிக் குடுத்தது, பத்திரம் எம் பேர்லதான் இருக்கு."