கிள்ளத் தெரியாத கட்டைவிரல்

என் மகள் வலது கையில் இரண்டு கட்டைவிரல்களோடு பிறந்தாள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைச் சரிசெய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், என் கணவரின் அக்கா, "அதிர்ஷ்டத்தப் போயி யாராவது வெட்டுவாகளா?" என்று முட்டுக்கட்டை போட்டார். மதினி பேச்சை மீற இந்த வீட்டில் யாருக்குத் துணிச்சல்? மகளுக்கு மூன்று வயதான பிறகு, நான் ஒற்றைக்காலில் நின்றுதான் ஆபரேஷன் நடந்தது.

கட்டைப் பிரித்த அன்றே டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். விரல் கொஞ்சம் ஒல்லியாகத்தான் இருக்கும், நகமும் சிறுசுதான், நுனி முழுக்க மடங்காது. அதெல்லாம் பரவாயில்லை. ஆனால் ஆள்காட்டி விரலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கப் பழக்க வேண்டும். சும்மா விட்டால் மூட்டு இறுகிப்போகும்.

சும்மா விட வைப்பதற்கென்றே எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சிவகிரியிலிருந்தும் ராயகிரியிலிருந்தும் பஸ் பிடித்து சங்கரன்கோவிலுக்கு வந்தார்கள், ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டோடு. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெட்டுன விரல எங்கன போட்டாக?" என்று கேட்டார்கள். ஊறுகாயா போட்டு வைத்திருக்கிறேன், எடுத்துக் காட்ட? பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பழகியதுதான் மிச்சம்.

மதினி அதற்கும் மேலே. பயிற்சிக்காகத் தட்டில் பச்சைப்பயறு போட்டுப் பொறுக்கச் சொன்னால், அவரே உட்கார்ந்து பொறுக்கிக் கொடுப்பார். பட்டன் மாட்டிவிடுவார். சோறு ஊட்டுவார்.

"மதினி, அவளே சாப்பிடட்டும்."

"பச்சப்பிள்ளைக்கு வலிக்காதா? நீயெல்லாம் ஒரு தாயா?"

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. விரல் விறைத்துப்போனால் இவள் எப்படிப் பென்சில் பிடிப்பாள் என்ற பயம் எனக்கு மட்டும்தான்.

ஒரு மத்தியானம் வழக்கம்போல மதினி ஊட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை போதும் என்று தலையை ஆட்டினாள். "இன்னும் ஒரு வாய்" என்று மதினி திணித்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து வலது கை வந்தது.

"ஏட்டி, விடுட்டி. என்னமா கிள்ளுதா பாரு" என்று மதினி கையை உதறினார்.

ஓடிப்போய் மதினியின் கையைப் பிடித்துப் பார்த்தேன். சிவந்த தோலில் இரண்டு நகத்தடங்கள். ஒன்று அகலம். மற்றது சிறுசு, ஆனால் அதுதான் நன்றாகப் பதிந்திருந்தது.

"பெரியவுகளக் கிள்ளுதா, ரெண்டு போடாம சிரிக்கியே" என்றார் மதினி.

அவருடைய இன்னொரு கையையும் இழுத்து மகளிடம் நீட்டினேன்.

"இதுலயும் ஒண்ணு கிள்ளு மக்கா."