கேட்டில் தொங்கிய மலர் வளையம்

போன சனிக்கிழமை ஒரு பூட்டின் முன்னால் நின்றேன். நான் மட்டுமா? சவப்பெட்டியில் மரியாள் அக்காவும்தான்.

மலேசியாவில் பகாவ் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் மரியாள் அக்கா எங்களுக்கு அடுத்த வீடு. ரப்பர் மரம் சீவினார், பிறகு செம்பனைக்கு உரம் போட்டார், மகள் ஸ்டெல்லாவைப் படிக்க வைத்தார். கடைசியில் மகளிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “என்னைய உங்கப்பா பக்கத்துல படுக்க வச்சிரு.”

இதென்ன பெரிய ஆசை என்கிறீர்களா? எங்கள் தோட்டத்தில் இது பெரிய ஆசைதான். கல்லறைக்குப் போகும் பாதையில் கம்பெனி இரும்புக் கேட் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறது. செம்பனைக் குலை திருட்டுப் போகிறதாம். செத்தவர்கள் எந்தக் குலையைத் திருடினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பல வருடங்களுக்கு முன்னால் அக்காவின் கணவர் இறந்தபோதும் இதே கதை. அன்று கூட்டத்தில் ஒரு டயர்க் கடைக்காரர் இருந்தார். கட்சியில் கிளைத் தலைவர். “என்னா அநியாயம் இது! சாவுக்குமா பூட்டு?” என்று கத்தினார். கத்தினாரே தவிர, கையில் ஒன்றுமில்லை. மரியாள் அக்காதான் அழுகையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார். புருஷனுடைய சுத்தியலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். அவர் ஓங்கி அடித்தார். பூட்டு விழுந்தது.

யாரோ படம் பிடித்தார்கள். அடுத்த தேர்தலில் அந்தப் படம்தான் சுவரொட்டி. அதில் அவர் இருந்தார், சுத்தியல் இருந்தது... பக்கத்தில் நின்ற அக்காவை வெட்டி எடுத்துவிட்டார்கள். அக்கா சிரித்தார். அவருக்கே ஓட்டும் போட்டார்.

டயர்க் கடைக்காரர் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். மக்கள் பிரதிநிதியை இங்கே மரியாதையாகக் கூப்பிடும் ‘ஒய்.பி.’ ஆனார். கம்பெனி புதுப் பூட்டு போட்டது. போய்ச் சொன்னோம். “தோட்டப் பிரச்சினையெல்லாம் மத்திய அரசாங்கத்துல பேசணும் லா. என்னைய மேல அனுப்புங்க, பேசுறேன்” என்றார்.

நியாயம்தானே? நாடாளுமன்றத்துக்கே அனுப்பினோம். அதற்குப் பிறகும் யார் செத்தாலும் மேனேஜரிடம் கெஞ்சித்தான் சாவி வாங்கினோம்.

அக்கா இறந்த அன்று மேனேஜர் லீவு. சாவி யாரிடம் என்று தெரியவில்லை. ஸ்டெல்லா ஒய்.பி.க்குப் போன் போட்டாள். கம்பெனிக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள். வந்த பதில் இது. “நிலம் மாநில விவகாரம்மா. நான் இப்ப நாடாளுமன்றம். தலையிட முடியாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னமும் எரிகிறது. டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது அந்த ஆளுக்கு என்ன அதிகாரம் இருந்தது? பூட்டை உடைத்தாரே! இப்போது ஒரு போன் போட முடியாதா? பதவி ஏற ஏற மனிதனுக்குக் கை குட்டையாகிவிடுமா? வாய் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. நாடாளுமன்றத்தில் அவர் முழங்கும் வீடியோ வாரம் தவறாமல் என் கைப்பேசிக்கு வருகிறது.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். நல்ல வெயில். பாதிரியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டே நின்றார். கேட்டைக் காவல் காக்கும் ஜாகா கையைப் பிசைந்தார். “சாவி என்கிட்ட இல்லண்ணே. ஏதாச்சும் ஆனா என் வேலை போயிரும்.”

ஸ்டெல்லா காரின் பின்பக்கத்தைத் திறந்தாள். அப்பாவின் அதே சுத்தியல்.

“மாமா, நீங்க அடிக்கிறீங்களா?” என்று என்னிடம் நீட்டினாள். நான் கையை நீட்டுவதற்குள் பின்னால் இழுத்துக்கொண்டாள். “வேணாம். நானே அடிக்கிறேன்.”

ஜாகா எங்களைப் பார்க்காமல், “நான் டீ குடிக்கப் போறேன்” என்று நடந்துவிட்டார். அந்த மனிதருக்கு இருந்த இரக்கம்...

பூட்டு விழுந்தது. பெட்டியைத் தூக்கினோம். அப்போதுதான் ஒரு பெரிய கார் வந்து நின்றது. ஒய்.பி.யின் உதவியாளர் இறங்கினார். கையில் மலர் வளையம், பூவைவிடப் பெரிய எழுத்தில் ஒய்.பி.யின் பெயர். பின்னால் ஒரு கேமராக்காரர்.

“ஒய்.பி. மீட்டிங்ல மாட்டிக்கிட்டாரு லா. வளையத்த வச்சி ஒரு போட்டோ எடுத்துக்கிறோம்மா.”

ஸ்டெல்லா குரலை உயர்த்தவே இல்லை. “கேட்டுக்கு அந்தப் பக்கம் மாநில விவகாரம் அண்ணே. ஒய்.பி.தான சொன்னாரு? நாடாளுமன்றத்துப் பூ உள்ள வரக்கூடாது. இங்கயே மாட்டிட்டுப் போங்க.”

மாட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் உள்ளே போய், அக்காவை அவர் கணவர் பக்கத்தில் படுக்க வைத்தோம். திரும்பி வரும்போது வளையம் வெயிலில் வாடித் தொங்கியது. யாரும் நின்று பார்க்கவில்லை.

இத்தனை நாளும் அந்த ஆள்மேல் மட்டும்தான் எனக்குக் கோபம் என்று நினைத்திருந்தேன். இல்லை. அன்றைக்கும் சுத்தியல் மரியாள் அக்காவுடையதுதானே... அதைப் போய் ஏன் அவர் கையில் கொடுத்தோம்?