வெர்டியின் வலது பை

பக்கத்து மாவட்டத்தில் ஒருத்தி மளிகைக்கடை வரிசையில் நின்றபடியே தன் தொடையில் தானே சுட்டுக்கொண்டாள் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு. பார்த்தவர் யாரும் கிடையாது. தூண்டில் கடை ஹோபர்ட் நேப்பியருக்கு அவன் மைத்துனன் சொன்னானாம். மைத்துனனுக்கு லாரி ஓட்டுகிற யாரோ. அந்தப் பெண் கோட்டுப் பையில் சின்ன ரிவால்வரை உறையில்லாமல் சும்மா போட்டு வைத்திருந்தாளாம். அதே பையில் லிப்ஸ்டிக்கும் இருந்ததாம். சில்லறைக்காகக் கையை விட்டபோது லிப்ஸ்டிக் போய் விசையில் மாட்டிக்கொண்டதாம்.

இதை மருந்துக்கடைக் கவுண்டரில் வைத்து வெர்டி ஸ்டிடம் என்பவளிடம் நான்தான் சொன்னேன். பத்தொன்பது வருஷமாக அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். கென்டக்கியின் இந்த மலை மடிப்பில் யாருக்கு என்ன மாத்திரை என்பது எனக்குத் தெரியும், யாருக்கு என்ன பயம் என்பதும் ஓரளவு தெரியும்.

"லிப்ஸ்டிக் போடறவளுக்கு வந்த வினை அது கண்ணு. என் பையில பெப்பர்மிண்ட் மிட்டாய்தான் இருக்கும்" என்று வெர்டி சிரித்தாள். ஆனால் மிட்டாயையெல்லாம் அப்போதே அள்ளி இடது பைக்கு மாற்றினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, வலது பையில் என்ன இருக்கிறது என்று.

வெர்டிக்கு அறுபத்தொரு வயது. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டிவிட்டு வருவது அவள் வேலை. ஒரு நிறுவனம் அனுப்புகிறது. ஒரு நாளைக்கு ஆறு வீடு, ஏழு வீடு. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு ஓடையின் கடைசியில் இருக்கும். முப்பது வருஷமாக ஆட்களைப் புரட்டிப் படுக்க வைத்ததில் அவள் விரல் கணுக்களெல்லாம் புடைத்துப்போயிருந்தன.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், ஒருவன் பாலத்தில் அவள் காரை மறித்து மருந்துப் பையைக் கொடு என்று கேட்டான். கையில் பெரிய ஸ்பானர். கண் எங்கேயோ செருகிக் கிடந்தது. "மருந்து இல்லப்பா, பெரியவங்க டயபர்தான் இருக்கு, உனக்கு என்ன சைஸு?" என்று தான் கேட்டதாக ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தாள். என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னாள்: "கேக்கவெல்லாம் இல்ல கண்ணு. பையைத் தூக்கிக் குடுத்துட்டேன். அப்புறம் பார்த்தா அந்த டயபர் எனக்கே தேவைப்பட்டுது."

அந்த வாரமே ரிவால்வர் வாங்கிவிட்டாள். ஐந்து குண்டு போடுகிற, உள்ளங்கையில் அடங்குகிற சின்ன ரகம். நிறுவனத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது, ஆனால் வேண்டியபோது கையில் வந்துவிட வேண்டும். வெர்டி கேட்டது இந்த இரண்டைத்தான்.

லிப்ஸ்டிக் கதையைக் கேட்ட மறுநாள் என்னையும் ஹோபர்ட் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். முன்பக்கம் புழு, மீன்குஞ்சுத் தொட்டி. பின்பக்கம் துப்பாக்கிச் சாமான். ஹோபர்ட் அவள் போகிற அதே தேவாலயத்து ஆள், அதனால் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவான்.

"இப்ப இருக்கிற ரப்பர் பிடி சுடறப்ப சுகமா இருக்கும் சிஸ்டர். ஆனா துணியைக் கவ்வும். குண்டு இல்லாத துப்பாக்கிதான், எங்க, எடுத்துக் காட்டுங்க பாப்போம்."

வெர்டி பைக்குள் கையை விட்டு இழுத்தாள். கோட்டின் உள் துணியும் சேர்ந்து தலைகீழாக வெளியே வந்து தொங்கியது.

"அணிலை உரிச்ச மாதிரில்ல வருது!" என்றாள்.

"அதான் சொன்னேன். இந்த மரப்பிடியைப் பாருங்க. மெலிசு, வழுவழுன்னு வரும். ஆனா ரெண்டு விரல்தான் பிடிக்கும். சுட்டீங்கன்னா கார் கதவுல கையை நசுக்கின மாதிரி இருக்கும்."

"ஆயுசுல எத்தனை தடவைடா சுடப்போறேன்? ஒரு தடவைகூட வேணாம்னுதான் ராத்திரி ஜெபம் பண்றேன்."

"அப்ப மரம்தான். தூக்கிட்டுத் திரியறது தினம், சுடறது என்னைக்கோ. தினத்துக்கு ஏத்ததைப் பாருங்க."

கடைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் சுட்டுப் பார்த்தாள். இரண்டு முறை சுட்டாள். மூன்றாம் முறை விரல் விசையை இழுக்க மறுத்தது. புடைத்த கணுவைத் தடவிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பிள்ளையைப் போல நின்றாள். ஹோபர்ட் தலையைச் சொறிந்தான். "பொதுவா இதை நான் செய்யறதில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான். ஸ்பிரிங்கை மாற்றி விசையை லேசாக்கிக் கொடுத்தான்.

உறைக்குத்தான் நேரம் பிடித்தது. கணுக்காலில் கட்டும் உறை முதலில் வந்தது. "கிழவங்க காலைக் கழுவ முட்டி போட்டா பேண்ட் ஏறிக்குமே." அதைத் தள்ளினாள். இடுப்புக்குள் செருகும் உறையை அவளே ஒரு வாரம் போட்டுப் பார்த்திருந்தாள். தூக்கி உட்கார வைக்கும்போது ஒரு பெரியவர் கை அதில் பட்டு, "ஐயையோ வெர்டி, கட்டி மாதிரி இருக்கே, டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்டு அழுதேவிட்டாராம். மூன்றாவது, மார்க்கச்சையில் மாட்டுவது. அதை ஹோபர்ட் மேசைமேல் வைத்துவிட்டு மீன்குஞ்சுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதை எப்படிப் போடறதுன்னு காட்டேன் ஹோபர்ட்" என்றாள் வெர்டி.

"சிஸ்டர், தயவு பண்ணுங்க."

கடைசியில் எடுத்தது பைக்குள் வைக்கிற உறை. வெளிப்பக்கம் சொரசொரப்பான தோல். துப்பாக்கியை உருவும்போது உறை பைத் துணியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றுவிடும். விசையை முழுக்க மூடியிருக்கும், எந்த லிப்ஸ்டிக்கும் நுழைய முடியாது. அதன்மேல் சதுரமாக ஒரு தட்டைத் தோல் தைத்திருந்தது, துப்பாக்கியின் வடிவம் வெளியே தெரியாமலிருக்க.

"வெளியிலேருந்து தொட்டுப் பார்த்தாலும் சின்ன பைபிள்னுதான் நினைப்பாங்க" என்றான் ஹோபர்ட் பெருமையாக. "ஒண்ணே ஒண்ணு. அந்தப் பையில வேற எதுவும் போடக்கூடாது."

"மிட்டாய் இடது பக்கம்" என்றாள் வெர்டி உடனே. கோட்டை மாட்டிக்கொண்டு, வலது பக்கத்தை என் பக்கம் திருப்பினாள். "தொட்டுப் பாரு கண்ணு. ஒண்ணும் கடிக்காது."

நான் தொடவில்லை. "நல்லாத்தான் இருக்கு மிஸ் வெர்டி" என்று கையைக் கட்டிக்கொண்டேன். பத்தொன்பது வருஷத்தில் இந்த ஊரின் சோளரொட்டியைப் பழகிக்கொண்டேன், பனியைப் பழகிக்கொண்டேன். இந்தச் சாமானை மட்டும் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அன்றைக்கு ஒரே ஒருமுறை தொட்டிருந்தால் போதும்.

குளிர் தொடங்கிய பிறகு வெர்டி அந்தப் பழுப்பு கான்வாஸ் கோட்டைக் கழற்றியதே இல்லை. நோயாளி வீடுகளில் அடுப்பு எரிகிற அறையில்கூடப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிய நிற்பாள். "மாதவிடாய் நின்ன பிறகு குளிருதுன்னு சொல்லிச் சமாளிக்கறேன். அது உல்டான்னு எந்த ஆம்பளைக்குத் தெரியும்?" என்பாள். மறுபடி அந்தப் பாலத்தின் மேல் அவள் தனியாகப் போய்வர முடிந்தது. அவளுக்கு அதுதான் கணக்கு.

நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கோட்டு கொடுக்கிற நாள். மான் வேட்டைக்காலம் தொடங்குகிற நாளும் அதுவேதான். ஆம்பிளைகள் விடியும் முன்பே மலைக்குப் போய்விடுவார்கள். நாள் முழுக்க மேலே தூரத்தில் டுமீல் டுமீல் என்று கேட்டுக்கொண்டிருக்கும். கீழே பெண்கள் நாங்கள் இல்லாதவர்களுக்குப் பழைய கோட்டுகளை எடுத்துக் கொடுப்போம். எங்கள் தேவாலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெறும் பையோடு கோட்டு கொடுக்கக் கூடாது. இடது பையில் மிட்டாய், வலது பையில் சின்ன புதிய ஏற்பாட்டுப் புத்தகம். தருகிறவர்கள் சிலர் தாங்களே வைத்துத் தருவார்கள். இல்லாததில் வைப்பது என் வேலை. ஒவ்வொரு கோட்டையும் வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பேன். காலியாக இருந்தால் வைப்பேன், இருந்தால் விட்டுவிடுவேன்.

இரண்டு நாள் மழைக்குப் பிறகு கூட்டம் அதிகம். பீன்ஸ் சூப் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க ஆளில்லை. "தள்ளுங்கடி, நூத்தம்பது கிலோ ஆம்பளையையே தூக்கறவ நான்" என்று வெர்டி வந்தாள். ஆவியில் தோல் உரிந்துவிடும் போலிருந்தது. நாலு வாரத்தில் முதல்முறையாகக் கோட்டைக் கழற்றி, சமையலறைக் கதவின் ஆணியில் மாட்டினாள். தாமதமாக வருகிற தர்மக் கோட்டுகளையும் அங்கேதான் மாட்டுவார்கள். அன்றைக்கு ஆணிகளில் மூன்று கோட்டுகள் தொங்கின. மூன்றும் பழுப்பு கான்வாஸ். இந்த மாவட்டத்தில் பாதிப் பேரிடம் இருப்பது அதே கோட்டுதான்.

அவள் கழற்றி மாட்டியதை நான் பார்க்கவில்லை. மூன்றையும் நான்தான் எடுத்தேன். தட்டிப் பார்த்தேன். ஒன்றில் இடது பக்கம் மிட்டாய் சலசலத்தது. வலது பக்கம் சதுரமாக, தட்டையாக, விறைப்பாக ஏதோ. யாரோ ஒழுங்கான ஆள் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதை டெஸ்ஸா ராட்லிஃப்புக்குக் கொடுத்தேன். ஸ்லோன் ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறவள். கோட்டு அவளுக்கு ரொம்பப் பெரிது. தோளில் போர்த்திக்கொண்டு, "உள்ளயே குடித்தனம் பண்ணலாம் போல" என்று சிரித்தாள். மூத்தவள் டெலாவுக்கு ஐந்து வயது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்தப் பையில் மிட்டாய் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். வாசலைத் தாண்டுமுன்பே இடது பையில் கையை விட்டாள். "அம்மா, இதுல நிறைய இருக்கு!"

நான் குனிந்து சொன்னேன்: "இன்னொரு பையில புத்தகம் இருக்கு தெரியுமா? வீட்டுக்குப் போய் எடுத்து அம்மாவைப் படிச்சுக் காட்டச் சொல்லு, என்ன?"

"சரி" என்றாள் டெலா.

ஒரு மணி நேரம் கழித்து வெர்டி கையைத் துடைத்துக்கொண்டு ஆணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். டெஸ்ஸாவுக்குக் கொடுத்ததை நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாவு பூசியது போலாகிவிட்டது.

டெஸ்ஸாவைப் போனில் அழைத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தானாக நின்றது. செய்தி பதிவு செய்ய அவள் போனில் வசதி இல்லை. பிறகு ஷெரிஃப் அலுவலகத்தை அழைத்தாள் வெர்டி. வேலை போகும், அது அவளுக்குத் தெரியும். டெஸ்ஸா பிள்ளைகளைச் சரியாக வளர்க்கிறாளா என்று ஏற்கெனவே அரசாங்கம் ஒரு கோப்பு திறந்து வைத்திருக்கிறது, அதுவும் தெரியும். "என் துப்பாக்கி. அவமேல ஒரு தப்பும் இல்ல. அதை முதல்ல எழுதிக்கங்க" என்றாள். எதிர்முனைப் பெண் எழுதிக்கொண்டாள். இருக்கிற இரண்டு போலீஸ் வண்டிகளும் மாவட்டத்தின் மறுகோடியில், மரம் விழுந்த விபத்தில் இருக்கின்றன, முடிந்தவுடன் வருவார்கள் என்றாள். "ஸ்லோன் ஓடைத் தரைப்பாலம் மூழ்கிடுச்சே மேடம், உங்களுக்குத் தெரியும்தானே?" என்றும் கேட்டாள்.

என் காரில் போனோம். என் ஸ்வெட்டரை வெர்டிக்குக் கொடுத்திருந்தேன். வழியில் ஹோபர்ட்டை அழைத்தேன். அவன் வேட்டைக்குப் போன மலையில் சிக்னல் இல்லை. நான் கேட்டேன், என் நெஞ்சைத் தேற்றிக்கொள்ளத்தான்: "அந்த விசை கெட்டியா இருக்கும்ல மிஸ் வெர்டி? அஞ்சு வயசுப் புள்ளையால எப்படி இழுக்க முடியும்?"

வெர்டி தன் ஆள்காட்டி விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "எனக்காகத்தான லேசாக்கினான்" என்றாள்.

தரைப்பாலம் இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழித்து ஓடியது. டெஸ்ஸா எங்களுக்கு முன்னால் எப்படியோ தாண்டிப் போயிருக்கிறாள். அவள் கார் அக்கரையில் வீட்டுக்கு முன்னால் நின்றது. புகைபோக்கியில் புகை. கூப்பிடு தூரம்தான். ஹாரனை அழுத்தினேன். தண்ணீர்ச் சத்தம் அதைத் தின்றது. வெர்டி கரையில் இறங்கினாள். முட்டிவரை போனதும் கால் வாரிவிட்டது. சேற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தவளை இழுத்துப் போட்டேன். இருவரும் கத்தினோம். "டெஸ்ஸா! கோட்டைத் தொடாதே! டெலா!" வீட்டுக் கதவு மூடியே இருந்தது.

மேலே மலையில் ஒரு வெடிச் சத்தம். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"ரைஃபிள்" என்றாள் வெர்டி.

இன்னொன்று.

"அதுவும் ரைஃபிள்தான்."

அதற்குப் பிறகு வந்த சத்தம் ஓடையின் இரைச்சலில் பாதி மூழ்கி வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் நனைந்த கையை ஸ்வெட்டரின் வலது பக்கம் கொண்டுபோனாள். அங்கே பையே இல்லை. அந்தக் கையாலேயே என் போனை வாங்கி, மறுபடி டெஸ்ஸாவின் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.

"எடு புள்ள" என்றாள். "எடும்மா. எடு."

மணி அடித்துக்கொண்டிருந்தது.