சானலில் விழுந்த காரும் என் பெயருக்கு வந்த கடிதங்களும்

கல்யாணமாகி இரண்டரை வருஷத்தில் என் கணவர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். குலசேகரத்தை அடுத்த ஒரு ரப்பர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். மலாயாவில் மூன்று வருஷ ஒப்பந்தத்துக்கு ஆள் எடுத்தார்கள். சம்பளமும் இங்கே கிடைத்ததைவிட நல்ல கூடுதல். வீட்டில் மாமியாரும் கொழுந்தனும் நானும் மிஞ்சினோம். அவர் விட்டுப்போன காரும் இருந்தது.

அது எஸ்டேட் துரை வைத்திருந்த கார். சுதந்திரம் வந்த வருஷம் துரை சீமைக்குத் திரும்பியபோது சல்லிசான விலைக்கு இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதே அது பழைய வண்டிதான். மேலே துணிக்கூரை. மழை பெய்தால் பின்சீட்டில் இருப்பவர் குடை பிடிக்க வேண்டும். இவர் போன பிறகு கொழுந்தன் அதை வாடகைக்கு ஓட்டினான். பிரசவத்துக்கு நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் என்று ஆள் கிடைத்துக்கொண்டிருந்தது.

மலாயாவிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும், மாமியார் பெயருக்கு. கொழுந்தன் உரக்க வாசிப்பான். தான் சுகம், பணம் அனுப்பியிருக்கிறது, தென்னைக்கு உரம் வைக்கவும், தம்பி வண்டியைப் பார்த்து ஓட்டவும். கடைசி வரியில், ‘அவளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.’ அந்த வரிக்காக அடுக்களை வாசலில் நிற்பேன். கேட்டதும் உள்ளே போய்விடுவேன். மலாயாக் காடுகளில் கலகம், எஸ்டேட்டுகளில் வெடிவைக்கிறார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த நேரம் அது. கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல் இருக்காது. பதில் எழுதும்போது, பயமாக இருக்கிறது என்று எழுதச் சொல்ல எனக்கு வாய் வராது. கொழுந்தனல்லவா எழுதுகிறான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இரண்டு வருஷம் இருக்கும். ஐப்பசி மழை. திருவட்டாரில் ஆளை இறக்கிவிட்டுக் கொழுந்தன் வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். எதிரே வெட்டுமரத் தடி ஏற்றி வந்த லாரிக்கு ஒதுங்கியபோது ரோட்டோரப் பாசனச் சானலின் கரை இடிந்தது. கார் உருண்டு மதகுச் சுவரில் மோதி நின்றது. அவனுக்கு வலது கை ஒடிந்தது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து போட்டார்கள். முன்பக்கம் பாதியாக மடங்கியிருந்தது.

நல்லவேளை, அவர் வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். கம்பெனியின் திருவனந்தபுரம் ஆபீசிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்தார். தலை நரைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு காருக்கடியில் குனிந்து பார்த்தார். சரியாக்கும் செலவு வண்டி விலையைவிடக் கூடிப்போகும், அதனால் வண்டியைக் கம்பெனி எடுத்துக்கொண்டு விலையைத் தரும், இவ்வளவு பழைய வண்டிக்கு நானூறு ரூபாய்க்குமேல் தர வழியில்லை என்றார். சம்மதம் இல்லையென்றால், வண்டிக்கு என்னென்ன செலவு செய்திருக்கிறது என்று உடைமைக்காரர் எழுதித் தரட்டும், கூட்டிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

கொழுந்தன் கையில் மாவுக்கட்டு. வீட்டில் எழுதத் தெரிந்த வேறு ஆள் நான் மட்டும்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புவரை படித்திருந்தேன். என்ன எழுதுவது என்று மாமியாரிடம் கேட்டேன். “எனக்கு வண்டிக்க காரியம் என்னட்டி தெரியும்?” என்றார். “நீயே எழுது. பதிலையும் உனக்க பேருக்கே போடச் சொல்லு.”

எழுதினேன். மலாயாவுக்கு, நடந்ததையும் கம்பெனிக்காரர் கேட்டதையும் மட்டும்தான். மூன்று வாரம் கழித்து முற்றத்தில் நின்று தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த வீட்டுக்கு வந்தபிறகு என் முழுப்பெயரை யாரும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

ஏர்மெயில் கடிதம், நாலு பக்கம். இரண்டு டயர் மார்த்தாண்டத்தில் மாற்றியது, இன்ஜினை நாகர்கோவில் ஒர்க்ஷாப்பில் இறக்கி வேலை பார்த்தது, எல்லாம் வரிசையாக இருந்தது. இன்ஜின் வேலை எந்த மாதம் என்று யோசித்ததாகவும், மறுநாள் நாம் இருவரும் திற்பரப்புக்குப் போனோமே, அதை வைத்துக் கணக்காக்கினேன் என்றும் எழுதியிருந்தார். நீ அருவிப் பக்கம் வராமல் பாறையிலேயே நின்றாய், செருப்பைக் கையில் பிடித்திருந்தாய் என்று இருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். இங்கே சாயங்காலத்துக்குப் பிறகு குடியிருப்பைவிட்டு வெளியே விடமாட்டார்கள், எழுத நேரம் நிறைய இருக்கிறது என்று முடித்திருந்தார்.

பதினைந்து நாளைக்கொருமுறை கம்பெனிக்காரர் வந்தார். நானூறு, நானூற்றைம்பதாயிற்று. போதாது என்றேன். டயர் இரண்டும் புதிது, இன்ஜின் சேதமில்லை என்று கடிதத்தைப் பார்த்துச் சொன்னேன். ஐந்நூற்றைம்பது என்றார். அதற்கும் தலையாட்டவில்லை. எனக்கே என் துணிச்சல் புதிதாக இருந்தது. அவர் போனதும் மலாயாவுக்கு எழுத உட்காருவேன். கம்பெனியில் கேட்கிறார்கள், கூரைத்துணி எப்போது மாற்றியது என்று எழுதுவேன். கம்பெனியில் யாரும் அதைக் கேட்கவில்லை. சீட்டு எப்போது தைத்தது, ஹாரன் எங்கே வாங்கியது, வண்டி இதுவரை எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறது என்றெல்லாம் கேட்டேன்.

எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. வண்டி போன ஊர்களென்று கேட்டதற்கு ஆறு பக்கம். அருமனையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது வண்டி நின்றுபோனதும், நான் பட்டுச்சேலையோடு இறங்கித் தள்ளியதும். கடியப்பட்டணம் கடற்கரையில் சும்மா அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு ஒன்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை என்று எழுதியிருந்தார். என்னவென்று எழுதவில்லை. இப்போது ரேடியோவில் ஊர்ப்பாட்டு கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறேன் என்றும் ஒரு வரி இருந்தது. இந்த மனிதரோடு இரண்டரை வருஷம் இருந்திருக்கிறேன். இதில் கால்பங்குகூட அவர் என்னிடம் பேசியதில்லை.

ஒருநாள் கம்பெனிக்காரர் ஆதாரம் கேட்டார். பதற்றத்தில் கடிதத்தை அப்படியே கொடுத்துவிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் போனதும் நிறுத்தினார். முதல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மடித்து என்னிடம் நீட்டினார்.

“வண்டிக்க காரியம் இதோட தீந்துட்டு, அம்மா. பாக்கி உங்களுக்கு உள்ளதாக்கும்.”

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அடுத்த தடவை வந்தபோது அறுநூற்றைம்பதுக்கு ஆபீசில் அனுமதி வாங்கிவந்திருந்தார். இதற்குமேல் ஆபீசில் கேட்க முடியாது, அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அவசரமில்லை என்பதை அழுத்திச் சொன்னது போலிருந்தது.

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். பங்குனி வந்துவிட்டது. கொழுந்தன் கை கட்டுப் பிரித்து மாதங்களாகியிருந்தது. வேலையில்லாமல் முற்றத்தில் அந்த உடைந்த வண்டியைச் சுற்றிச்சுற்றி நடப்பான். இன்சூரன்ஸ் பணம் வந்தால் யாரோ ஒரு லாரியில் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் சோறு போடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“மைனி, இனியும் என்னத்துக்கு இழுக்குதிய? எனக்க மேல உள்ள தேஷ்யமா?”

வண்டியை உடைத்ததற்காக அவன்மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இல்லை தம்பி என்றேன். மறுநாளே சம்மதம் என்று திருவனந்தபுரத்துக்கும் மலாயாவுக்கும் எழுதிப் போட்டேன்.

கணவர் கையெழுத்திட்ட தாள்கள் வந்தன. பணம் வந்தது. நாகர்கோவிலிலிருந்து ஆள் வந்து காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில் புல் வெளுத்துக் கிடந்தது. கொழுந்தன் லாரியில் பங்கு வாங்கினான், அதில் நன்றாகவே வந்தான்.

என் பெயருக்கு இன்னும் ஒரு கடிதம் வந்தது. அரைப்பக்கம். பணம் கிடைத்ததில் சந்தோஷம், நீ சாமர்த்தியமாக முடித்துவிட்டாய் என்று இருந்தது. அதற்குக் கீழே, ‘இனி உனக்கு எழுத என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை.’

காரணம் வேண்டாம், சும்மா எழுதுங்கள் என்று நான் ஒரு வரி எழுதியிருக்கலாம். மூன்று தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும், கை சரியான கொழுந்தன்தான் தபாலாபீசுக்குப் போகிறவன், வண்டிக் காரியம் முடிந்தபிறகும் என்ன எழுதுகிறேன் என்று கேட்பான் என்பது நினைவுக்கு வந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன். அடுத்த மாதம் பழையபடி மாமியார் பெயருக்குக் கடிதம் வந்தது.

ஒப்பந்தம் முடிந்து அவர் சுகமாகத் திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். முன்னைவிடக் குறைவாகப் பேசினார். நாலு பிள்ளைகள், கொஞ்சம் ரப்பர், ஒரு வீடு என்று முப்பத்தைந்து வருஷம் நன்றாகவே இருந்தோம். என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. கடியப்பட்டணத்தில் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்று கேட்க எத்தனையோ நாள் வாயெடுத்திருக்கிறேன். அவர் ரப்பர் விலையைப் பற்றியோ பிள்ளைகளின் பீஸைப் பற்றியோ ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை ரப்பர் ஷீட் விற்க கோட்டயம் போனவர் ஒரு வாரம் தங்க வேண்டியதாயிற்று. நாலாம் நாள் என் பெயருக்கு ஒரு கார்டு வந்தது. அதை உடனே வாசிக்காமல் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவதாகவும், குளிக்க வெந்நீர் போட்டு வைக்கும்படியும் எழுதியிருந்தார்.