ஆயாக் கொட்டகைக்கு வந்த மரக்கட்டைகள்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் பிள்ளை பார்க்கும் ஆயாவாக இருந்தேன். தாய்மார்கள் விடிந்ததும் பிள்ளைகளைக் கொட்டகையில் விட்டுவிட்டு மரவள்ளி நடப் போய்விடுவார்கள். விளையாட்டுச் சாமான் என்று எதுவும் கிடையாது. எதை எந்தப் பிள்ளையிடம் கொடுப்பது என்று நானேதான் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பேன். எதையும் வாயில் போடுகிற வயதுக்கு விளிம்பு குத்தாமல் தட்டி மழுக்கிய காலி டின்கள். சின்னதைப் பெரியதுக்குள் அடுக்கப் பழகும். கொஞ்சம் வளர்ந்ததுகளுக்கு ரப்பர் கொட்டை. குழி தோண்டிப் போட்டு எண்ணும். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

பிறகு அலோர் ஸ்டாரிலிருந்து ஒருத்தி வந்தாள். புருஷன் சர்க்கார் ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த கிராணி. வேலை போய் எங்கள் லயத்து வரிசை வீடு ஒன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். அவளுக்குச் சங்குளி பிடித்து மண் வெட்ட வராது என்று, வேலை வாங்கும் மண்டோர் அவளை என்னோடு கொட்டகையில் விட்டார். வந்ததும் அவள் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தாள். வழவழவென்று சாயம் பூசிய மரக்கட்டைகள். ஒரு பக்கம் படம், மறுபக்கம் இங்கிலீஷ் எழுத்து.

பிள்ளைகள் என் டின்களை அப்படியே போட்டுவிட்டு ஓடின. என் மகளும்தான்.

"அம்மா, அத்தைகிட்ட யானை இருக்கு" என்றாள்.

நான் அவளிடம் திரும்பினேன். "உங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே, இதெல்லாம் ஏது?" என்று கேட்டேன்.

"பொறக்கும்னு வாங்கி வெச்சதுதான், அக்கா. பொறக்கல."

அதைக் கேட்டும் என் மனசு இளகவில்லை. மகள் அவள் மடியில் உட்கார்ந்திருந்ததுதான் கண்ணில் நின்றது.

ஒரு காலையில் மண்டோர் வாசலில் நின்று, "ஜப்பான் தொரை வராரு" என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் அடி விழும் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. அவள் கையில் ஒரு கட்டையோடு அசையாமல் நின்றாள். நான் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் முந்தானையில் வாரி, தூளியில் தூங்கிய கைக்குழந்தையின் காலடியில் போட்டேன். துரை உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். போகிற போக்கில் தூளியை ஆட்டிவிட்டார். கட்டைகள் இடித்துக்கொண்டன. கிலுகிலுப்பை என்று நினைத்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு, "எழுத்தைச் சொரண்டிடலாம்லா, அக்கா. நம்ம எழுத்து போடுவோம். எது எதுன்னு நீங்க சொல்லுங்க" என்றாள்.

எனக்கு எழுத்து தெரியாது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"படம் இருந்தா போதும்" என்றேன்.

ரப்பர் பால் வெட்டும் கத்தியால் இருவரும் சுரண்டி முடித்தோம்.

ஜப்பான் சண்டை முடிந்து அவர்கள் அலோர் ஸ்டாருக்குத் திரும்பியபோது, கட்டைகளை என் மகளிடமே கொடுத்துவிட்டுப் போனாள். மகள் பல நாள் அவளைக் கேட்டு அழுதாள். நான் கட்டைகளை அடுக்கி, யானையை உச்சியில் வைத்துக் காட்டினேன்.

"அத்தை மாதிரி இல்ல" என்றாள்.